தக்காளிக்குக் காவல்

"அந்தப் பொம்மைய மொதல்ல கழட்டிப் போடு கண்ணு. என்ற ஊட்டுக்காரி பயந்துபோய்க் காய்ச்சல்ல படுத்துட்டா."

மொட்டை மாடிப் படியில் மூச்சு வாங்க நின்று சொன்னார் கிட்டுசாமி. வேலம்பாளையத்தில் அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் அவர்தான் ஓனர். காலையில் மிளகாய் காயப்போட மேலே வந்த அவர் மனைவி செல்லாத்தாள், தக்காளிச் செடிகளுக்கு நடுவில் கை விரித்து நின்ற உருவத்தைப் பார்த்து, முறத்தைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு இறங்கியிருந்தார்.

பூவாளியை வைத்துவிட்டு ஓடி வந்தாள் அனுசுயா. "பொம்மைய எடுத்தா ஒரு தக்காளி மிஞ்சாதுய்யா. மயிலு அம்புட்டையும் கொத்திப் போட்டுரும்."

"அப்பச் செடியவும் சேத்து எடுத்துரு. நீ ஊத்தற தண்ணியில கீழ இருக்கற செவுரெல்லாம் ஓதமேறிக் கெடக்குது. இன்னிக்கே மாடி காலியாகோணும். ஆமா, உன்ற ஊட்டுக்காரன் ஜெபக்குமார் எங்க? அவங்கிட்டயே சொல்லிப் போடறேன்."

அனுசுயா தலையைக் குனிந்துகொண்டாள். "அவிய ஊருக்கு, நாசரேத்துக்குப் போயிருக்காவ. ஆர்டர் இல்லைன்னு கம்பெனியில லீவு விட்டுட்டாவல்லா."

பனியன் கம்பெனி வேலைக்காக வந்த புருஷனும் பெண்டாட்டியும் அதுவரை ஒரு கீரை விதைகூடப் போட்டதில்லை. முதலில் வைத்த நாற்று, பாசத்தில் ஊற்றிய தண்ணீரிலேயே அழுகியது. அடுத்தது பச்சைச் சாணத்தைக் கொட்டியதில் கருகியது. அதற்கப்புறம் வைத்தது மட்டும் எப்படியோ தழைத்து, பூத்து, காய்த்து, ஒரு காய் சிவந்தும் விட்டது. பறிக்கலாம் என்று இவள் தட்டோடு மேலே வந்தபோது மயில் தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"வைக்கோல் பொம்மை ஒண்ணு வச்சோம்யா. மயிலு அது தலையிலயே ஏறி உக்காந்து கத்துச்சு. இது வந்த பொறவுதான் ஒரு காயும் போகல" என்றாள் அனுசுயா.

கிட்டுசாமி நெற்றியைச் சுருக்கினார். உடுமலைப்பேட்டைப் பக்கம் அவருக்குத் தக்காளிக் காடு இருந்தது. அங்கேயும் மயில்தான். முருகனோட வாகனம் என்று கல்லெடுத்து வீசவும் அவருக்கு மனசு வராது.

"அப்படியென்ன பொம்மை?" என்று பக்கத்தில் போனார்.

எக்ஸ்போர்ட்டில் கழித்த முழுக்கை டீசர்ட். காலுக்கு ஒன்றாகச் செடி வளர்க்கும் குரோ பேக் வைத்து, இரண்டு காலும் தென்னை நார்க்கழிவுக்குள் புதைந்திருந்தன. தலையை மூடிய வெள்ளைப் பனியன் துணியில் மார்க்கர் பேனாவால் முட்டைக் கண்ணும் முறுக்கு மீசையும் வரைந்திருந்தது.

கிட்டுசாமி அதன் வயிற்றில் விரலால் குத்தினார். "உள்ள என்னத்தப் போட்டுத் திணிச்சிருக்குது?"

"பனியன் வேஸ்ட்டுய்யா."

"சரி, அதுக்கு எதுக்குத் தொப்பை?"

"மயிலு பயப்படணும்லா."

அவர் பின்பக்கம் சுற்றி வந்தார். "முதுகெல்லாம் நனஞ்சிருக்குதே?"

"செடிக்குத் தண்ணி தெளிக்கும்போது பட்டுருக்கும்யா."

தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பொம்மையின் நீட்டிய கையில் தொங்கப் போட்டுவிட்டு, மீசையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தார் கிட்டுசாமி. அந்த நேரம் பார்த்து ஒரு மயில் கைப்பிடிச் சுவரில் வந்து இறங்கியது. கழுத்தை வளைத்து, சிவந்துகொண்டிருந்த தக்காளியைக் குறிவைத்தது.

காற்று வீசியது. செடிகள் அசைந்தன. பொம்மையின் இரண்டு கைகளும் துண்டோடு சேர்ந்து மேலும் கீழுமாக அடித்துக்கொண்டன. மயில் பதறி எழும்பி, பக்கத்துக் கம்பெனிக் கூரையைத் தாண்டிப் போயே போய்விட்டது.

கிட்டுசாமி அசந்துவிட்டார். "அட சாமீ! எங்க தோட்டத்துல வெடி போட்டுங்கூட நவுராதே இந்த மயிலு!"

பொம்மையை ஒரு சுற்று சுற்றி வந்தார். மாடியைப் பார்த்தார். ரொம்ப நேரம் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஏங்கண்ணு, ஒண்ணு பண்ணலாமா? செடி இங்கயே இருக்கட்டும். ஓதத்த நான் ஆளு வச்சுப் பூசிக்கறேன். மாடி பூராவுமே நீ வச்சுக்கோ, வெண்டை போடு, கத்திரி போடு, நான் ஏன்னு கேக்கல."

அனுசுயாவுக்கு நம்ப முடியவில்லை. "நெசமாவாய்யா?"

"இந்தப் பொம்மைய மட்டும் எனக்குக் குடுத்துரு. அங்க வெள்ளாமை முடியற வரைக்கும் காட்டுக்குள்ள நிக்கட்டும். நாளைக்குக் காலைல நம்ம டெம்போ வரும். படுக்கப் போட்டுக் கயித்தால கட்டிக் கொண்டு போயிருவோம்."

அனுசுயாவின் முகம் வெளிறியது. பொம்மையைப் பார்த்தாள். இரண்டு தடவை செத்துப் பிழைத்த தோட்டத்தைப் பார்த்தாள். செடி நிறைய காய். கீழே புதுசாக மஞ்சள் பூ வேறு.

"டெம்போ எத்தன மணிக்கு வரும்யா?" என்று கேட்டாள்.

"விடியவே வந்துரும். வெயில் மழையின்னு பாக்காம நிக்குமல்லோ?"

"அதெல்லாம் நிக்கும்யா."

கிட்டுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செல்லாத்தாளிடம் சேதி சொல்லப் படியிறங்கினார். செருப்புச் சத்தம் கீழே போய் ஓயும் வரை அனுசுயா அசையாமல் நின்றாள்.

அப்புறம் முறுக்கு மீசைக்குப் பின்னால் இருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"ஏட்டி, அங்க மத்தியானச் சாப்பாடு உண்டான்னு கேட்டியா?"