தாலாட்டு வழக்கு

"கூடப் பிறந்தவளுக்கு எதிரா சாட்சி சொல்ல வந்திருக்கானே, இவன்லாம் ஒரு அண்ணனா?"

தென்காசி கோர்ட் வராண்டாவில் மாடத்தி சத்தமாகவே சொன்னாள். கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

தூணோரம் நின்ற இசக்கிமணிக்குக் கேட்டது.

"குற்றாலத்துல சீசன் நேரம். பழக்கடையச் சாத்திட்டு வந்து நிக்கான்னா எவ்வளவு வன்மம் இருக்கணும்!"

"மைனி, சும்மா இருங்க" என்றாள் மஞ்சு. அவள் இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை.

"நான் ஏன்ட்டி சும்மா இருக்கணும்? நீ ஆசைப்பட்டு என் தம்பியக் கட்டுனேன்னு மூணு வருசமா பேச்சு வார்த்தை இல்ல. பிள்ளை பிறந்ததுக்கும் எட்டிப் பாக்கல. இப்ப மட்டும் வந்துட்டான்!"

வழக்கு இதுதான்.

இலத்தூர் வீட்டில் மஞ்சு பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடினாள். நாத்தனார் மாடத்தி அதை செல்போனில் பிடித்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். பாட்டு ஊர் ஊராகப் போனது. சென்னையில் ஒரு பாட்டுக் கம்பெனி, வேறு ஆளைப் பாட வைத்து அதையே நெட்டில் விட்டது. விட்டதோடு நிற்காமல், 'எங்கள் பாட்டைத் திருடிப் பரப்புகிறாள்' என்று மஞ்சு மேலேயே கேஸும் போட்டது.

தோற்றால், அவள் பாட்டு அவளுக்கு இல்லை.

கோர்ட்டுக்குள், கூண்டில் ஏறிய மஞ்சுவைக் கம்பெனி வக்கீல் கேட்டார். "நீங்களே கட்டுன பாட்டுன்னு என்னம்மா ஆதாரம்?"

"அதுல... எங்க அண்ணன் வாராவ சார்."

"எங்க வர்றார்?"

"'அஞ்சருவிச் சாரலிலே பழக்கடை போட்ட மாமன், பட்டுச்சேலை கொண்டுவந்து தொட்டில் கட்டிப் போனாரு'ன்னு வருதுல்லா, அது அவியதான்."

"அப்படியா? உங்க அண்ணன் வந்து தொட்டில் கட்டினாரா?"

மஞ்சு தலை குனிந்தாள். "இல்ல."

"அப்புறம் ஏன் பாடுனீங்க?"

"மாமன் இல்லாம எப்படி சார் தாலாட்டுப் பாட? பிள்ளைக்கு மாமன் இல்லன்னு ஆயிருமே."

வக்கீலுக்கு ஒரே குஷி. "பாருங்க ஐயா, வராத ஆளை வந்ததாச் சொல்றாங்க. அது எங்க கவிஞரோட கற்பனை. இவங்க அண்ணனையே சாட்சியாக் கூப்பிடுறேன்."

இசக்கிமணி கூண்டில் ஏறினான். மாடத்தி பல்லைக் கடித்தாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"இல்லய்யா."

"குழந்தைக்குத் தொட்டில் கட்டினீங்களா?"

"இல்லய்யா."

"அப்ப பாட்டுல வர்ற அந்த மாமன் நீங்க இல்ல. சரிதானே?"

"நான்தாம்யா."

வக்கீல் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

"அடுத்த வரியக் கேளுங்கய்யா. 'இடதுகை மாமன் போட்ட முடிச்சு என்னைக்கும் அவிழாது'ன்னு வரும். நான் இடதுகைக்காரன். என் கடை அஞ்சருவி ரோட்டுல. எங்க வீட்டு விஷயம் சென்னைக் கவிஞருக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்குச் சாதகமா சொல்றேன்னுதானே வந்தீங்க?" வக்கீல் குரல் உயர்ந்தது.

"வாரேன்னுதான் சொன்னேன். என்ன சொல்லுவேன்னு நீங்க கேக்கல. அருவிக்கு வந்த ஒருத்தர் போன்ல இந்தப் பாட்டு ஓடுச்சு. என் தங்கச்சி குரலு. கேட்ட அன்னைக்கே ஓடிருக்கணும், எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போகன்னு கிடந்தேன். நீங்களா வந்து, அவ இருக்க இடத்துக்கே கூப்பிட்டிய. விடுவனா?"

கோர்ட்டில் சிரிப்பு. மாடத்திகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீதிபதியும் சிரித்துவிட்டார். "அப்ப பாட்டு மொத்தமும் உங்க தங்கச்சியோடதுதான்?"

"ஆமாய்யா. ஆனா மாமன் வந்து தொட்டில் கட்டுனான்னு பாடிருக்கா பாருங்க, அந்த ஒரு வரி மட்டும் பொய்."

மஞ்சு நிமிர்ந்து பார்த்தாள்.

"பட்டுச்சேலை எடுத்து வெளிய ஆட்டோவுல வச்சிருக்கேன். கொஞ்சம் சீக்கிரம் விட்டீங்கன்னா, பொழுது அடையறதுக்குள்ள அதையும் நெசமாக்கிருவேன்யா!"