காரை ஓட்டியது யார்?

“‘நான்’ங்கிற வார்த்தையே உன் வாயிலேர்ந்து வரக்கூடாது, ஹெஸ்டர். ‘வண்டியை ஓட்டினவங்க’. அவ்வளவுதான். எங்க, சொல்லு பாப்போம்!”

“வண்டியை ஓட்டினவங்க,” என்றாள் ஹெஸ்டர், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடியே.

“அப்படிப் போடு!” என்றார் பார்னபி.

பார்னபி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஹெஸ்டர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கடற்கரை கார் பார்க்கில் அவளுடைய நீலக் கார் முப்பத்தெட்டு நிமிடம் கூடுதலாக நின்றதாம். நூறு பவுண்டு கட்டு என்று அதை நடத்தும் தனியார் கம்பெனி கடிதம் போட்டது. கட்டமாட்டேன் என்றாள் ஹெஸ்டர்.

பார்னபிக்கு அது போதாதா? அன்று மாலையே இணையத்தில் நிதி திரட்டும் பக்கம் ஒன்றைத் தொடங்கிவிட்டார். அதே கம்பெனியிடம் அடிபட்ட ஊர்க்காரர்கள் ஐந்தும் பத்துமாகப் போட, வக்கீலும் வைத்தாயிற்று. தோற்றால் ஊர்ப்பணம் மொத்தமும் போச்சு. ஜெயித்தால், கடிதம் வாங்கிய மற்ற அறுபது பேருக்கும் வழி பிறக்கும்.

“பயப்படாத. கார் யார் பேர்ல இருக்கோ அவங்க கைக்குப் பதினாலு நாளுக்குள்ள கடிதம் வந்தாகணும். உனக்கு வந்தது இருபத்தோராம் நாள். இனிமே கார் உன் பேர்ல இருக்குங்கறதுக்காக உன்கிட்ட பணம் கேக்க முடியாது, ஓட்டினவங்ககிட்டதான் கேக்கலாம். ஓட்டினது யாருன்னு அவன்தான் நிரூபிக்கணும். நீயா உளறிக் கொட்டாம இருந்தா சரி.”

“நான் எதுக்கு உளறப் போறேன்?”

பார்னபி புதிதாக வந்த உறையைப் பிரித்தார்.

“இதோ, ‘இறுதி எச்சரிக்கை’யாம். போன மாசமும் இறுதி எச்சரிக்கைதான்! கீழ அதே கையெழுத்து, கே. த்ரெல்ஃபால். ஈவிரக்கம் இல்லாத ஜென்மம்! இவன் கால்ல முள்ளு குத்த!”

“சாபம் விடாதீங்க பார்னபி. யார் பெத்த பிள்ளையோ, வயித்துப் பொழப்புக்கு எழுதுது.”

“உனக்கு மனசு வெண்ணெய். சரி, இன்னிக்கு வந்ததைப் படிக்கறேன் கேளு. மீன்கடை டெஸ்மண்ட், பத்து பவுண்டு: ‘ஒரு காசு குடுக்காத ஹெஸ்டர்.’ பாதிரியார் அம்மா, இருபது: ‘சவ அடக்கம் பண்ணிட்டு வந்து பாத்தா, என் காருக்கும் அபராதச் சீட்டு.’ அப்புறம் அந்தப் பேர் சொல்லாத ஆளு. ஒண்ணாம் தேதியானா டாண்ணு ஐம்பது: ‘விட்டுடாதீங்க.’ அந்தப் புண்ணியவானைப் பாத்தா ஒரு பீர் வாங்கிக் குடுக்கணும்.”

ஹெஸ்டருக்குப் புரையேறியது. பார்னபி எழுந்து முதுகில் தட்டினார்.

ஜூன் மாதம் வழக்கு வந்தது.

“அன்னிக்குக் காரை ஓட்டினது நீங்கதானே?” என்று கம்பெனி வக்கீல் கேட்டார்.

பார்னபி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“வண்டியை ஓட்டினவங்க யாருன்னு சொல்ற கடமை எனக்கு இல்லைங்க.”

நீதிபதி அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அது இருக்கட்டும். கடிதம் ஏன் ஒரு வாரம் தாமதம்?”

வக்கீல் காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டினார். “தெரியலைங்க அம்மா. ஆபீஸ்ல எப்படியோ…”

இருபதே நிமிடம். வழக்கு தள்ளுபடி!

அன்று பிற்பகல் உயிர்காப்புப் படகு நிலையத்துக் கூடத்தில் ஒரே கூத்து. டெஸ்மண்ட் கூடை கூடையாக மீனும் சிப்ஸும் கொண்டுவந்து இறக்கினான். பாதிரியார் அம்மா பியானோவைத் தட்டித் தூள்கிளப்பினார். பார்னபி நாற்காலிமேல் ஏறி, “அந்த த்ரெல்ஃபால் மூஞ்சியை இப்ப பாக்கணுமே!” என்று கத்தினார். கூடமே விசிலடித்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, மழையில் நனைந்த இளம்பெண் ஒருத்தி பெரிய கேக்கோடு உள்ளே வந்தாள். ஹெஸ்டர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

“லீட்ஸ் ஊர்ல வேலை பாக்கறான்னு சொல்வேனே, என் பொண்ணு கேட்டி!”

“வேலையை விட்டுட்டேம்மா,” என்றாள் அவள், கன்னத்து மழையைத் துடைத்தபடி. “இன்னிக்குக் காலையில.”

“நல்ல நாள் பாத்து வந்தே, தாயி!” பார்னபி நாற்காலியிலிருந்து இறங்கிக் கையை நீட்டினார். “உங்கம்மா அந்தக் கம்பெனியை மண்ணைக் கவ்வ வெச்சுட்டா, தெரியுமா?”

“தெரியாம என்னங்க?” அவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “கல்யாணத்துக்கு அப்புறம் என் பேர் கேட்டி த்ரெல்ஃபால். உங்க ஐம்பது பவுண்டு புண்ணியவான் நான்தான். முதல் கடிதத்தை ஒரு வாரம் டிராயர்ல போட்டுப் பூட்டினதும் நான்தான். அன்னிக்கு ஐஸ்கிரீம் வரிசையில நின்னு நேரத்தைக் கோட்டை விட்ட, ‘வண்டியை ஓட்டினவங்க’ளும் நான்தான்!”