பத்தாம் நம்பர் செருப்பு

வாசலில் கிடக்கும் பத்தாம் நம்பர் செருப்பைச் சுகந்தி தினமும் கொஞ்சம் தள்ளிப் போடுவாள். கணவன் இறந்த பிறகு வரும் இரண்டாவது கோடை இது. வீட்டில் ஆம்பளை இருப்பதாக மாடியேறி வருகிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

லீவுக்கு வீட்டிலிருக்கும் பிள்ளைகள் மத்தியானம் சத்தமே காட்டாததால் சந்தேகப்பட்டு வந்து பார்த்தாள். போன வாரம் வந்த நாய்க்குட்டி இடது செருப்பை உள்ளே இழுத்துவந்து குதறிப் போட்டிருந்தது. லோகேஷ் துண்டுகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். “அடிக்காதம்மா, அதுக்குப் பல்லு மொளைக்குது” என்று துர்கா குட்டியைப் பாவாடையால் மூடினாள்.

சுகந்தி கையை ஓங்கியபோது, கம்பிக் கதவுக்கு வெளியே முன்பின் தெரியாத ஒருவன் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். வழக்கம்போல் அவள் காலி அறைப் பக்கம் திரும்பி, “என்னங்க, யாரோ வந்திருக்காங்க” என்று குரல் கொடுக்க வாயெடுத்தாள். அதற்குள் குட்டி துள்ளி ஓடிக் கதவடியில் நின்று குரைத்தது. இரண்டு கைக்குள் அடங்கிவிடும் அந்த உடம்பு முழுவதும் அதிர்ந்தது.

அவன் ஒரு படி கீழே இறங்கினான். “கடிக்குமாங்க?”

“கடிக்கும்” என்றாள் சுகந்தி.

அவன் போனதும் கதவைத் திறந்து, மிச்சமிருந்த வலது செருப்பை எடுத்துவந்து குட்டியின் முன்னால் வைத்தாள்.