ஏந்தாத மடி

திரையில் அந்தப் பையனை வெட்டிச் சாய்த்தார்கள். கடைசி வரிசையில் இருந்தவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இன்றைக்கும் வந்துவிட்டாளே என்று டார்ச்சை அணைத்துவிட்டு நின்றார் தியேட்டரில் சீட்டுக் காட்டும் பிகாஜி.

படம் வந்த நாளிலிருந்து மதியக் காட்சிக்கு அவள் வராத நாளில்லை. லால்பாகில் மில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் நிஜமாகவே நடந்த கொலையைத்தான் படமாக்கியிருக்கிறார்கள் என்று ஊரே பேசியது. வெட்டியவனுக்கும் செத்தவனுக்கும் மீசைகூடச் சரியாக முளைக்காத வயசு. இவள் யாரென்று பிகாஜிக்கு ஒருத்தர் வந்து சொல்ல வேண்டியதில்லை. பெற்ற வயிறு, வேறென்ன?

வெட்டு விழுந்ததும் செத்தவனின் தாய் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவருவாள். அந்தக் காட்சியை மட்டும் இவள் பார்ப்பதே இல்லை, தலையைக் குனிந்துகொள்வாள். தன் கதியைத் தானே பார்க்க எவளுக்குத்தான் மனசு வரும் என்று பிகாஜி நினைத்துக்கொள்வார். இடைவேளையில் அவர் டீ வாங்கிக் கொடுத்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வீட்ட விட்டுக் கெளம்புறான்ல, அப்ப அவன் அம்மா 'எங்கடா போற'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நின்னிருப்பான்ல அண்ணே?"

பிகாஜி அவள் கையிலிருந்த காலி டீ கிளாஸை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

தியேட்டர் வாசலில் ஷைலஜா மோரே கறுப்புக் கொடியோடு பெண்களைத் திரட்டி வைத்திருந்தாள். நம் பிள்ளைகளைக் கொலைகாரர்களாகக் காட்டுகிற படத்தை உடனே எடுக்க வேண்டுமாம். அம்மணி இன்னும் படம் பார்க்கவில்லை, அது வேறு விஷயம். தியேட்டர் முதலாளியும் சளைத்தவர் இல்லை. செத்த பையனின் தாயே வந்து சொல்லட்டும், அந்த நிமிஷமே நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அன்று காட்சி முடிந்து அவள் வெளியே வந்தபோது ஷைலஜா வழியை மறித்தாள்.

"புள்ளைய வெட்டுறத தெனம் வந்து வேடிக்க பாக்குறியே, நீயெல்லாம் புள்ள பெத்தவளா?"

கூட்டம் சிரித்தது. அவள் தலையில் போட்டிருந்த முந்தானையை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பிகாஜிக்குப் பொறுக்கவில்லை. யாரைப் பார்த்து என்ன கேட்டுவிட்டாய், செத்தவனைப் பெற்றவளே அவள்தான் என்று ஷைலஜாவிடம் பொரிந்து தள்ளினார். அன்று ராத்திரி ஷைலஜாவுக்குச் சோறு இறங்கவில்லை என்று அவள் வீட்டுக்காரரே பிறகு சொன்னார்.

மறுநாள் ஷைலஜா கொடியில்லாமல் வந்தாள். கையில் தட்டு, அதில் தேங்காய், அரிசி, ரவிக்கைத் துணி, குங்குமம். பெற்றவளுக்குச் செய்கிற மரியாதையாக அதையெல்லாம் முந்தானையில் இட்டு மடி நிரப்பி மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். நேற்றுச் சிரித்தவர்கள் அவள் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பிகாஜியே உள்ளே போய் அவளை அழைத்துவந்தார்.

"என் நாக்குல கொள்ளிய வைக்க. புள்ளையப் பறிகொடுத்தவளப் பாத்து நடுத்தெருவுல அப்பிடிக் கேட்டுட்டேன். மனசுல வச்சுக்காத தங்கச்சி, மடிய ஏந்து."

ஷைலஜாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. முதலாளியிடம் நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு, இந்தப் பாழாய்ப்போன படம் இன்றோடு போகட்டும் என்றும் கெஞ்சினாள்.

அவள் முந்தானையை விரிக்கவில்லை. இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்தபடி பின்னால் நகர்ந்தாள். பிகாஜியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள், பிறகு பார்க்க முடியாமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இத அந்தம்மா வீட்டுக்குக் கொண்டுபோங்க அக்கா. வெட்டுனவன்தான் என் புள்ள."