அடியில் இருந்த எண்

"நல்லாப் பாருங்க சார். இது இவ கைவரிசைதான், அடிச்சுச் சொல்றேன்!"

காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்த நம்பர்காரர் தலையைத் தூக்கவில்லை. பழைய கார்களின் அடிச்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணைப் படித்து, வண்டி அசலா போலியா என்று சொல்வது அவர் தொழில். இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பேருடைய வாயில் விழுந்திருக்கிறார். அக்கா தங்கைச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

அவரை அழைத்து வந்தவள் அக்கா. கார் நின்றது தங்கையின் ஷெட்டில்.

"அப்பாகிட்ட ஒரே மாதிரி ரெண்டு கார் சார். ஒரே கறுப்பு, ஒரே வருஷம். உயில்ல சேஸிஸ் நம்பர் போட்டு ஆளுக்கொண்ணா எழுதிட்டாரு. நான் என் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்ல, அந்தக் கோபம். எனக்குச் சாதா வண்டி, செல்லப் பொண்ணுக்கு ராஜா வண்டி!"

"கொஞ்சம் டார்ச்சைப் பிடிங்கம்மா."

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு எண்ணைப் படித்தார். 38 B 9 0021.

"முப்பத்தெட்டு, வருஷம். B, தொழிற்சாலை. அடுத்து ஒன்பது இருக்கு பாருங்க, அதுதான் விசேஷம். பந்தயத்துக்குன்னு தனி இரும்புல அடிச்சட்டம் போட்டது. வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. மொத்தமே நாற்பது வண்டிதான் செஞ்சாங்க. சாதா வண்டின்னா அந்த இடத்துல நாலு இருக்கும்."

சொல்லிக்கொண்டே விரலால் தடவியவருக்குச் சுருக்கென்றது. எண் இருந்த இடம் மட்டும் லேசாகப் பள்ளம். ஓரத்தில் அரம் போட்ட கீறல்.

எழுந்து உட்கார்ந்தார். வேறு எந்தத் தப்பையும் மன்னிப்பார். நம்பரை அழித்து வெட்டுகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பழைய நம்பரைத் தேய்ச்சுட்டுப் புதுசா வெட்டியிருக்காங்க" என்றார்.

"நான் சொல்லல? இந்த வண்டியைப் பார்த்த மெக்கானிக் நம்பர்ல ஏதோ கோளாறுன்னு போன வாரம் சொன்னப்பவே எனக்குத் தெரியும்!" அக்காவின் குரல் ஷெட்டின் தகரத்தில் அதிர்ந்தது. "இவ வேலை பார்க்கிறதே லேத் பட்டறையில சார். பொழுதன்னிக்கும் இரும்புல நம்பர் குத்துறதுதான் வேலை. உயில் படிக்கிறதுக்கு முன்னாடியே இங்க ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கு!"

தங்கை கதவோரம் நின்றிருந்தாள். நம்பர்காரர் அவளை முறைத்தார்.

"நீங்கதான் வெட்டினீங்களா?"

"ஆமா."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. திருட்டு வண்டியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பையிலிருந்து ஆசிட் புட்டியை எடுத்தார்.

"மேல எவ்வளவு தேய்ச்சாலும் அடியில அழுந்தின எழுத்து இரும்பை விட்டுப் போகாது. இது பட்டா வெளியில வந்துடும்."

தங்கை அவசரமாக முன்னால் வந்தாள். "வேண்டாம்க்கா. இந்த வண்டியையும் நீயே எடுத்துக்கோ. ஆசிட் மட்டும் வைக்கச் சொல்லாதே."

"பயம் வந்துடுச்சு பாருங்க! வைங்க சார். நீங்க படிங்க, நான் எழுதிக்கிறேன். நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்."

அக்கா பையிலிருந்து தாளை எடுத்தாள். புகார் ஏற்கனவே எழுதித் தயாராக இருந்தது, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

பஞ்சில் நனைத்து ஒற்றினார். இரும்பு மெல்லக் கறுத்தது. ஒன்பதுக்கு அடியில் வேறோர் எண் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது.

"நாலு" என்றார். "சாதா வண்டிதான்."

"ஐயோ, மோசக்காரி! அப்புறம் சார்?"

"பூஜ்யம்... ஆறு..."

பேனா ஓடியது.

"ஒண்ணு... ஏழு. எழுதிக்கிட்டீங்களா?"

பேனா நின்றுவிட்டது. நம்பர்காரர் திரும்பிப் பார்த்தார். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், சரியாப் பாருங்க. அது என் வண்டி நம்பர். உயில்ல எனக்கு எழுதினது. மூணு வருஷமாச் சபிச்சுக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா? அது எப்படி இங்க வரும்?"

மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தார். 38 B 4 0617. சந்தேகமே இல்லை.

"ஒரு நம்பர் ஒரு வண்டிக்குத்தான்மா. அப்படின்னா உயில்ல உங்களுக்கு எழுதின வண்டி இதுதான். அப்போ அந்த இன்னொரு வண்டி, நாற்பதுல ஒண்ணு... உங்க வீட்டுக்கு வந்திருக்கு!"

இருவரும் தங்கையைப் பார்த்தார்கள்.

"உயில்ல என்ன எழுதியிருக்கேன்னு அப்பா முன்னாடியே சொன்னாருக்கா. சண்டை போட்டுப் பார்த்தேன், மசியல. நானாக் குடுத்தா உன் பிச்சை வேணாம்னு என் மூஞ்சியிலேயே எறிஞ்சிருப்பே. அதான், அவர் போனதும் ரெண்டு வண்டியிலயும் நம்பரை மாத்தி வெட்டினேன். நல்லது அவர் கையாலயே உனக்கு வந்ததா இருக்கட்டும்னு. உன் கோபம் தணிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

நம்பர்காரர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒன்பது போட்ட அடிச்சட்டத்தை அவர் படத்தில் பார்த்ததோடு சரி.

"அம்மா, உடனே கிளம்புங்க. அந்த வண்டியை நான் பார்க்கணும்!"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன மாசம் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன் சார். முழுசாக் குடுத்தா அதையும் இவ வாங்கிடுவாளோன்னு... என் கண்ணு முன்னாலயே துண்டு துண்டா வெட்டச் சொல்லி, நின்னு பார்த்தேன்."