நாற்பத்தோராவது படம்

மூன்றாவது அறை வாசலை மறித்துக்கொண்டு அவர் நின்றார்.

“உள்ள ஒண்ணுமில்ல புள்ள. பழைய மிஷினுங்க. வா, போலாம்.”

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது மட்டும்தான் அவர் அவளைப் புள்ள என்பார்.

நான்கு நாளாகவே அவளுக்குச் சந்தேகம்.

போன வாரம் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். துவைக்க எடுத்த சட்டைப் பையில் இந்தக் கண்காட்சியின் நுழைவுச்சீட்டு இருந்தது. கோவையில் எடுத்த பழைய சினிமாப் படங்களைப் பற்றிய கண்காட்சி. அந்தக் காலத்து ஸ்டுடியோவில் பதினோரு வருஷம் நடிகைகளுக்கு உடை எடுத்துக் கொடுத்தவர் அவர். மற்றவர்களாக இருந்தால் பெண்டாட்டியைக் கையோடு கூட்டி வந்து காட்டியிருப்பார்கள். இவர் பல்வலி என்றார். இன்று அவள்தான் இவரை இழுத்து வந்தாள்.

நடிகை. வேறென்ன இருக்கப் போகிறது?

அப்போதே தெருவில் ஒரு பேச்சு அடிபட்டது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஊரே பார்க்கிற மாதிரி சுவரில் மாட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

அவரை விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

மிஷினும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்கு சுவரிலும் புகைப்படங்கள்.

அவர் இருந்த படங்களில் எல்லாம் முதலில் அவருடைய கையைத்தான் தேடினாள். ஒன்றில் ஊசி பிடித்திருந்தது. ஒன்றில் இஸ்திரிப் பெட்டி. இன்னொன்றில் டீ கிளாஸ்.

நாற்பத்தோராவது படத்தில் அவர் இல்லை.

கதாநாயகி மட்டும், மணமேடையில். முந்தானை நன்றாக விரிந்து கிடந்தது. கரை நெடுக அன்னங்கள். எல்லாம் இடது பக்கம் பார்த்தன.

ஒன்று மட்டும் வலது பக்கம்.

அவள் படத்துக்குக் கிட்டே போனாள்.

நெய்தவர் கை தப்பி விழுந்த அன்னம். அப்பா புடவையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். இதுதான் வேண்டும் என்று அவள் அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். அவளுடைய கூறைப்பட்டு.

பெட்டியிலிருந்து காணாமல் போன கூறைப்பட்டு.

வீட்டு வேலைக்கு வந்த மாராத்தாள்தான் எடுத்தாள் என்று அவள் தெருவில் நின்று கத்தினாள். திருடி என்றாள். மாரியம்மன் கோயில் முன்னால் மாராத்தாள் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாள். கை கொப்பளித்துப் போனது. அப்போதும் இவள் நம்பவில்லை. அதன்பிறகு அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் மாராத்தாளை வேலைக்கு வைக்கவில்லை. இருகூரில் இருந்த தன் அக்கா வீட்டோடு போய்விட்டாள்.

சூடத்தைக் கொளுத்தி வைத்தது இவர்.

போன தை மாசம் ஒரு கல்யாண வீட்டில் மாராத்தாளைப் பார்த்தாள். பல்லெல்லாம் போயிருந்தது. இவள் பக்கத்தில் வந்ததும் மாராத்தாள் எழுந்து, முந்தானையை உதறிக் காட்டிவிட்டு நகர்ந்து போனாள். இந்த வயசிலும் திமிர் அடங்கவில்லை பாருங்கள் என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் இவள் புலம்பினாள்.

இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார்.

இப்போது பின்னால் வந்து நின்றார்.

“ஒரே நாளைக்குன்னுதான் எடுத்துட்டுப் போனேன். தீப்புடிக்கற சீனுன்னு எனக்குத் தெரியாது. சேலை எரிஞ்சுபோச்சு.”

புள்ள என்று சொல்லவில்லை.

நடிகையாகவே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியென்றால் பாவம் அவரோடு போயிருக்கும்.

வாசல் பக்கம் ஒரு மேசை. படங்களில் இருப்பவர்களையோ பொருள்களையோ அடையாளம் தெரிந்தால் எழுதிப் போடச் சொல்லி, சீட்டும் பேனாவும் ஒரு பெட்டியும் வைத்திருந்தார்கள்.

அவள் எழுதினாள்.

படம் 41. இது என் கூறைப்பட்டு. மாராத்தாள் எடுக்கவில்லை. எடுத்தவர்:

அதற்கு மேல் எழுதாமல் பேனாவை அவரிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியைத் தேடினார். சட்டைப் பையில் தேடினார், வேட்டி மடிப்பில் தேடினார். அது நெற்றிக்கு மேலேயே இருந்தது. அவள் சொல்லவில்லை. கடைசியில் கண்ணாடி இல்லாமலே, கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினார்.

சீட்டைப் பெட்டியில் போடப் போனவரின் கையிலிருந்து அவள் அதை வாங்கிக்கொண்டாள். நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்தாள்.

வெளியே நல்ல வெயில். அவர் வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

“அது வேண்டாமுங்க,” என்றாள். “இருகூர் பஸ் வரட்டும். அதுக்குள்ள அந்தக் கடையில சூடம் வாங்கியாங்க.”

அவர் நாலடி போனபின் மறுபடியும் கூப்பிட்டாள்.

“ரெண்டு கட்டி.”