எல்லாமே மந்திரச் சீட்டு

“உன் கட்டுல ஒரு சிப்பாய்கூட இல்லையே, சாலம்மா!”

சிகரெட் அட்டைகளை வெட்டி, தாங்களே படம் வரைந்த சீட்டுகளைப் பார்த்துத் தீர்த்தகிரி சிரித்தான்.

“சிப்பாய் செத்துப்போவான் மாமா. மந்திரம் சாவாது. பந்தயம் ஞாபகம் இருக்கா?”

“தோத்தவங்க ஜெயிச்சவங்க வூட்டுல இருக்கணும். அதானே? இந்தா, என் ராஜா!”

அவள் உறையவைக்கும் மந்திரச் சீட்டைப் போட்டாள். அதன்மேல் இடம் மாற்றும் மந்திரம்.

“உன் ராஜா இனிமே என் அரண்மனையில!”

“அழுகுணி ஆட்டம்டீ!”

கதவு படபடவென்று தட்டப்பட்டது. அவன் அம்மாவின் குரல்.

“சீட்டை வெச்சிட்டு ரெண்டு பேரும் மணையில வந்து உக்காருங்க! முகூர்த்தம் போவுது!”

தீர்த்தகிரி மாலையைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தான்.

“அம்மா, பொண்ணு பெட்டியை நம்ம வூட்டு வண்டியில ஏத்தாதே. என் பெட்டியை அவங்க வண்டியில ஏத்து!”